எட்டாவது எழுத்து

அந்த வாரம் பெல்ஃபாஸ்ட் நகரத்துக்குத் தலைகால் புரியவில்லை. எழுபது வருடத்துக்கு மேலாக அட்லாண்டிக் கடலடியில் கிடந்த டைட்டானிக்கைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கண்டுபிடித்தவர்கள் அமெரிக்கர்களும் பிரெஞ்சுக்காரர்களும். நெஞ்சை நிமிர்த்தி நடந்தவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். மூழ்கிப்போன கப்பலுக்கு இப்படிப் பெருமைப்படுகிற ஊர் உலகத்தில் வேறு இருக்காது. ரொட்டிக் கடையில், பஸ்ஸில், மதுக்கடையில், எங்கே போனாலும் ஒரே பேச்சு. "கட்டினவன் மேல தப்பே இல்ல, ஓட்டினவன்தான் சரியில்ல" என்று ஒருவன் சொல்லுவான். பக்கத்தில் இருப்பவன் அதைத் தானே அப்போதுதான் யோசித்துக் கண்டுபிடித்த மாதிரி திரும்பச் சொல்லுவான்.

எங்கள் யார்டு இன்னும் மோசம். அந்தக் கப்பலைக் கட்டியது எங்கள் யார்டே இல்லை. ஆற்றின் கீழ்ப்பக்கம் சரக்குக் கப்பல் கட்டிக்கொண்டிருந்த சின்ன யார்டு எங்களுடையது. ஆனால் அந்த வாரம் அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்கும். ஒவ்வொருவனின் தாத்தாவும் டைட்டானிக்கில் ஓர் ஆணியாவது அடித்திருந்தார். அத்தனை தாத்தாக்களும் ஒரே நேரத்தில் ஏறி நின்றிருந்தால் அது துறைமுகத்திலேயே மூழ்கியிருக்கும்.

எல்லாரையும்விட அதிகம் ஆடியவன் என் கூட்டாளி மெர்வின் பர்டி. யார்டில் வெல்டர்களுக்கு இரண்டிரண்டு பேராகத்தான் வேலை. பதினோரு வருடமாக நானும் அவனும் ஒரு ஜோடி. புராட்டஸ்டண்டுகளின் ஜூலை ஊர்வலத்தில் தன் வயிற்றைவிடப் பெரிய முரசை மாட்டிக்கொண்டு மணிக்கட்டில் ரத்தம் வரும்வரை அடிப்பான். மற்ற நாட்களில் நல்ல மனுஷன், விளையாட்டுப் பேர்வழி. அவன் தம்பி நார்மன் ராத்திரிகளில் என்ன வேலை செய்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. ஏன் கேட்பதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

டைட்டானிக்கைப் பற்றி எங்கள் ஊரில் ஒரு கதை உண்டு. அதன் அடித்தட்டுக்குள் ஓர் ஆள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே வெளியே தகட்டை வைத்து ஆணி அடித்து மூடிவிட்டார்களாம். அவன் உள்ளிருந்து தட்டும் சத்தம் கப்பல் கரையை விடுகிற நாள்வரை கேட்டதாம். வடிகட்டிய பொய். ஆனால் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த பொய். செய்தி வந்த மறுநாளே மெர்வின் சுத்தியலை எடுத்துக்கொண்டு நாங்கள் கட்டிக்கொண்டிருந்த கப்பலுக்குள் எங்கேயோ ஒளிந்து, டக், டக், டக் என்று தட்ட ஆரம்பித்தான். "ஐயோ, தொறந்துவிடுங்க, எம் பொண்டாட்டி தேடுவா!" என்று அழுகை வேறு. முதல் தடவை ஃபோர்மேன் மக்கட்சன் நிஜமாகவே பதறிப்போய் இரண்டு மூன்று மூடிகளைக் கழற்றிப் பார்த்தார். யார்டே வயிறு வலிக்கச் சிரித்தது. அப்புறம் ஆளாளுக்குத் தட்ட ஆரம்பித்தார்கள். வார நடுவுக்குள் தட்டும் சத்தம் கேட்டால் எவனும் தலையைக்கூடத் திருப்புவதில்லை.

நானும் சிரித்தேன். அவர்கள் சிரிக்கும்போது சிரிப்பது என் வேலையில் பாதி.

யார்டில் இருந்தவர்கள் எல்லாரும் புராட்டஸ்டண்டுகள். நான் கத்தோலிக்கன். அது அங்கே எவனுக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் இது விளையாட்டு விஷயம் இல்லை, தெரு மாறி நடந்ததற்கே ஆளைச் சுட்டார்கள். என் அப்பா புராட்டஸ்டண்ட். அவர் எனக்குக் கொடுத்தது லெனர்ட் ஹியூவிட் என்ற பெயரை மட்டும்தான். கொடுத்த கையோடு லிவர்பூலுக்குக் கப்பலேறியவர் திரும்பி வரவில்லை. அந்தப் பெயரைப் பார்த்துத்தான் எனக்கு யார்டில் வேலை கிடைத்தது. என்னை வளர்த்தது அம்மாவும் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடமும். பெயர் அவர்களுடையது, நாக்கு எங்களுடையது.

நாக்கில்தான் ஆபத்து. முகத்தை வைத்து இரண்டு கூட்டத்தையும் பிரிக்க முடியாது. அதே சிவந்த காது, அதே சொத்தைப் பல். ஆனால் ஆங்கில எழுத்துகளில் எட்டாவதைச் சொல்லச் சொன்னால் போதும். அவர்கள் 'எய்ச்' என்பார்கள். நாங்கள் 'ஹெய்ச்' என்போம். ஏன் என்று இரண்டு பக்கத்திலும் யாருக்கும் தெரியாது. கொஞ்சம் மூச்சுக்காற்று கூடுதல், அவ்வளவுதான். அந்தக் காற்றை வைத்து ஓர் ஆளை உயிரோடு விடலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள். என் குடும்பப் பெயரோ அந்த எழுத்தில்தான் ஆரம்பிக்கிறது. லிவர்பூல் போன மனிதர் அதையாவது எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று எய்ச், எய்ச் என்று பழகினேன். யார்டில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. தூக்கத்திலும் எய்ச் என்றுதான் உளறுகிறேன் என்று என் மனைவி டிம்ப்னா கேலி செய்வாள்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் நானும் மெர்வினும் கப்பலின் அடித்தட்டுக்குள் இருந்தோம். கப்பலுக்கு இரண்டு தரை. கடலைத் தொடுகிற தகடு ஒன்று, அதற்கு மேலே சரக்கு நிற்கிற தளம் ஒன்று. நடுவில் மண்டியிட்டுத்தான் நகர முடியும். அந்த இடைவெளியைத் தகடுகள் வைத்துச் சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்திருக்கும். ஒவ்வோர் அறைக்கும் மேலே ஓர் ஆள் இறங்கும் அளவுக்கு ஓட்டை, அதற்கு ஓர் இரும்பு மூடி. அறைகள் குழம்பிவிடக் கூடாது என்று மக்கட்சன் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். கப்பலின் வலப்பக்க அறைகளுக்கு எண், இடப்பக்க அறைகளுக்கு எழுத்து. எங்கள் அறை இடப்பக்கத்தில் எட்டாவது.

வெல்டிங் முடிந்துவிட்டது. கேபிள், ராடு கட்டு, காற்றுக் குழாய் எல்லாவற்றையும் மேலே அனுப்பியாகிவிட்டது. கசடைத் தட்டிவிட்டு டார்ச் அடித்து ஒரு கடைசிப் பார்வை பார்ப்பதுதான் பாக்கி. அப்போது டீக்குச் சங்கு ஊதியது. கேன்டீன் டிவியில் கடலடிப் படத்தைக் காட்டப்போகிறார்கள் என்று எவனோ கிளப்பிவிட்டிருந்தான். மேலே பூட்ஸ் கால்கள் தடதடவென்று ஓடின.

"போலாமா?" என்றேன்.

"இரு மாப்ளே, இந்த மூலைய மட்டும் முடிச்சிருவோம். முடிச்சிட்டா திங்கக்கிழம இந்தப் பொந்துக்குள்ள வர வேணாம். படம் எங்க ஓடிடப்போவுது? இத்தன வருஷம் கடலுக்கடியில கிடந்தது, நாம டீ குடிக்கிறவரைக்கும் கிடக்காதா?"

அவன் பேசி வாயை மூடவில்லை, மேலிருந்து வந்துகொண்டிருந்த வெளிச்சம் வட்டமாக அணைந்தது. மூடி விழுந்த சத்தத்தில் பல் கூசியது. உடனே காற்றில் ஓடுகிற ஸ்பேனர் உறும ஆரம்பித்தது. ஒவ்வொரு நட்டாக முறுக்கினார்கள். நாங்கள் கத்தினோம். அந்த ஸ்பேனர் ஓடும்போது பீரங்கி வெடித்தாலும் கேட்காது. திங்கட்கிழமை காலையில் இந்த அறைகளில் தண்ணீர் நிரப்பி ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும், அந்தக் குழுவினர்தான் மூடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே போகிற கேபிளும் குழாயும் இல்லாததால் ஆளும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

ஸ்பேனர் நின்றதும் மெர்வின் சுத்தியலை எடுத்து மூடியின் அடியில் வெறி பிடித்தவனாகத் தட்டினான்.

"தொறங்கடா! உள்ள ஆள் இருக்கோம்!"

மேலே பூட்ஸ் கால்கள் நின்றன. அப்புறம் சிரிப்பு.

"பர்டி, போதும்டா! நேத்தே பழசாயிடுச்சு!" என்றது ஒரு குரல். "எந்த அறைக்குள்ள உக்காந்துகிட்டு விளையாடறியோ, சீக்கிரம் வந்து சேரு. டீ ஆறிடும்."

பூட்ஸ் சத்தம் தேய்ந்து போனது.

மெர்வின் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். டார்ச் வெளிச்சத்தில் அவன் முகத்தில் இருந்த அசட்டுக் களையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. சிரித்தும் விட்டேன்.

"சிரிக்காதடா," என்றான். "டீ முடிஞ்சா வந்திருவானுங்க."

வந்தார்கள். தட்டினோம். எங்கிருந்தோ பதிலுக்கு ஒருவன் தட்டினான், இன்னொருவன் பேய்க்குரலில் ஊளையிட்டான். மறுபடி சிரிப்பு. அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பக்கத்து அறைக்கு அன்று காலையில்தான் பெயிண்ட் அடித்திருந்தார்கள். தண்ணீர் ஓடுவதற்காகத் தடுப்புத் தகட்டின் அடியில் விட்டிருந்த துளைகள் வழியாக அந்த நெடி எங்கள் பக்கம் கசிந்துகொண்டே இருந்தது. முதலில் மூக்கு எரிந்தது. பிறகு எரிச்சல் நின்றுவிட்டது, அதுதான் கெட்ட அறிகுறி என்று இருவருக்கும் தெரியும். சாயங்காலச் சங்கு ஊதிவிட்டால் யார்டு காலி. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒரு நாய்கூட வராது. திங்கட்கிழமை வருகிறவன் தண்ணீர்க் குழாயோடு வருவான்.

டார்ச்சை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். உட்கார்ந்தோம் என்பது தப்பு. முதுகை நிமிர்த்த இடமில்லாத இடத்தில் மனிதன் மடிந்து கிடப்பான், அவ்வளவுதான்.

"லென்," என்றான் மெர்வின் இருட்டில். அவன் நாக்கு கொஞ்சம் குழற ஆரம்பித்திருந்தது. "டைட்டானிக் நம்பர் கதை தெரியும்ல ஒனக்கு? அந்த நம்பரக் கண்ணாடியில பாத்தா 'போப் வேணாம்'னு தெரியுமாம். அதனாலதான் சாமி மூழ்கடிச்சிருச்சின்னு அந்தப் பக்கத்து ஆளுங்க சொல்லிட்டுத் திரிவானுங்க. அந்த மாதிரி நம்பரே கப்பல்ல கிடையாதுடா. கிறுக்குப் பயலுங்க."

"கிறுக்குப் பயலுங்கதான்," என்றேன். அம்மா எனக்கு அந்தக் கதையை நாலு வயதில் சொல்லியிருக்கிறாள்.

"நம்ம ஊர் ஆளுங்க ஒம்பது பேர் அதுல போனாங்க தெரியுமா? கட்டினவங்க. ஏதாவது கோளாறு வந்தா பாக்கறதுக்குன்னு கூட அனுப்பினது. ஒருத்தன் திரும்பல." தகட்டை விரலால் சுரண்டினான். "அதுல ஒருத்தனாவது கடைசில கீழ இருந்திருப்பான்ல? இப்படி ஏதாவது ஒரு பொந்துல. தண்ணி ஏறறத பாத்துகிட்டு."

"வாய மூடுறா."

"எனக்குத் தூக்கம் வருது லென்."

"தூங்கினா ஒத விழும்," என்று அவன் காலை உதைத்தேன். பயத்தில்தான் உதைத்தேன். அவன் தூங்கிவிட்டால் நான் தனியாக இருக்க வேண்டும்.

அப்போதுதான் அந்த ஓட்டை ஞாபகம் வந்தது. கடலைத் தொடும் தகட்டில் ஒவ்வோர் அறைக்கும் ஒரு வடிகால் துளை உண்டு, கட்டைவிரல் நுழையும் அளவு. அதை அடைக்கும் திருகாணியைத் திங்கட்கிழமைதான் போடுவார்கள். கப்பல் அப்போது கட்டைகளின் மேல் நின்றுகொண்டிருந்தது, அதன் அடியில் ஆள் குனிந்து நடக்கலாம். தடவித் தடவி அந்தத் துளையைக் கண்டுபிடித்து அதன்மேல் வாயை வைத்து மூச்சு இழுத்தேன். ஆற்றுச் சேறும் எண்ணெயும் கலந்த காற்று. அவ்வளவு ருசியான காற்றை நான் குடித்ததே இல்லை. மெர்வினைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து அவன் வாயையும் அதில் வைத்தேன். மாற்றி மாற்றிக் குடித்தோம்.

கீழே விளக்குமாறு சத்தம் கேட்டது.

சிரில். கப்பலுக்கு அடியில் கூட்டிப் பெருக்குகிறவன். அந்தக் காலத்தில் தகட்டு விளிம்புகளைக் காற்றுச் சுத்தியலால் அடித்து இறுக்குகிற வேலையில் இருந்தவன், அதில் காது போய்விட்டது. யார்டில் எல்லாருக்குமே அரைக் காதுதான், சிரிலுக்குக் கால் காது. ஊரில் இத்தனை பேர் இருக்க எங்களுக்கு வாய்த்தது அவன்.

"சிரில்!" என்று துளையில் வாய் வைத்துக் கத்தினேன். "சிரில்! மேல பாரு! மாட்டிக்கிட்டோம்!"

விளக்குமாறு நின்றது. "யாருடா அது?"

"உள்ள வச்சி மூடிட்டாங்க! மக்கட்சன்கிட்ட சொல்லு! எய்ச்! எய்ச் அறை!"

"எய்ட்டா?"

"எய்ச்!"

"அதான், எய்ட்டுதானே? சொல்றேன், சொல்றேன். ஒங்களுக்கெல்லாம் வேற வேலையே இல்ல."

போய்விட்டான். எய்ட் என்றால் எட்டு. வலப்பக்கத்து எட்டாம் அறை, கப்பலின் அந்தக் கோடியில். நாங்கள் படுத்தபடி கேட்டுக்கொண்டே இருந்தோம். தூரத்தில் ஸ்பேனர் உறுமியது. ஒரு மூடி கழன்றது. பிறகு மக்கட்சனின் குரல், தகடு தகடாகத் தாவி வந்து சேர்ந்தது. பர்டியின் அப்பாவையும் தாத்தாவையும் சேர்த்துத் திட்டினார். மூடி மறுபடி விழுந்தது.

மெர்வின் அழ ஆரம்பித்தான். ஊர்வல முரசுக்காரன் சின்னப் பிள்ளையாக விசும்பி விசும்பி அழுதான். "நாந்தான்டா காரணம், நான் தட்டினதுதான்டா காரணம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பிறகு அந்தக் குரலும் தளர்ந்தது. உதைத்துப் பார்த்தேன், முனகினான். தலையைத் தூக்கித் துளையில் வைத்தேன், தானாகவே சரிந்து விழுந்தது.

சாயங்காலச் சங்கு ஊதியது.

சிரில் விளக்குமாற்றை எடுத்துப் போக மறுபடி கீழே வந்தான். நடை சத்தத்திலேயே கோபம் தெரிந்தது. நான் என்னென்னவோ கத்தினேன். "சிரில், நிஜமா மாட்டிக்கிட்டோம், விளையாட்டு இல்ல!"

"எட்டுல ஒருத்தனும் இல்லடா! ஒங்களால எனக்குத்தான் திட்டு!"

"எட்டு இல்ல! எய்ச்! இடப்பக்கம்!"

"எந்த எடம்? எனக்கு எடமா, ஒனக்கு எடமா?"

"எய்ச், எய்ச்! ஹார்பர்ல வர்ற மொத எழுத்து!"

"ஹார்பருக்கா? இன்னேரத்துக்கு ஹார்பர்ல என்னடா இருக்கு?"

துளை வழியாக எதையாவது நீட்டிக் காட்டலாம் என்றால் ராடு ஒன்றுகூட உள்ளே இல்லை. விளக்குமாறு இழுபடும் சத்தம் நகர்ந்தது. அவன் வீட்டுக்குப் போகிறான். போய்விட்டால் திங்கட்கிழமைதான்.

எனக்கு எல்லாம் தெரியும். என்ன சொன்னால் அவன் காதில் விழும் என்று முதல் தடவையே தெரியும். அந்த யார்டில் எந்த எண்ணும் அப்படி ஒலிக்காது, எந்தச் சொல்லும் அப்படி ஒலிக்காது. சொன்னால் மேலே என்ன நடக்கும் என்பதும் தெரியும். டிம்ப்னாவை நினைத்தேன், பிள்ளைகளை நினைத்தேன். மெர்வினின் மூச்சு என் முழங்கையில் பட்டுக்கொண்டிருந்தது. அது இடைவெளி விட்டு விட்டு வந்தது. என் அப்பாவின் மேல், அந்தக் கன்னியாஸ்திரிகளின் மேல், இந்தப் பாழாய்ப்போன ஊரின் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. ஒரு மனிதன் உயிர் பிழைப்பதற்கு ஓர் எழுத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும், சரியாகச் சொன்னதற்கே சாக வேண்டும். துளையில் வாயை வைத்து நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் சேர்த்து வெளியே விட்டேன்.

"ஹெய்ச்!"

விளக்குமாறு நின்றது.

"என்ன சொன்ன?"

"ஹெய்ச்! ஹெய்ச்! ஹெய்ச்!"

கீழே சத்தமே இல்லை.  பிறகு சிரில், இதுவரை கத்திக்கொண்டிருந்தவன், சாதாரணக் குரலில் கேட்டான்: "மேல யாருடா இருக்கறது?"

நான் வாயைத் துளையிலிருந்து எடுத்தேன். விளக்குமாறு கீழே விழுந்தது. அவன் நடந்து போனான். மக்கட்சனிடம் போகிறானா, வாசலுக்குப் போகிறானா என்று தெரியவில்லை. அந்த அறைக்குள் இருந்த நேரத்திலேயே கொடுமையான நேரம் அதுதான்.

டார்ச் என் முகத்தில் அடித்தது.

மெர்வின் முழங்கையை ஊன்றி எழுந்திருந்தான். என் அலறலில் விழித்திருக்கிறான். கண் இரண்டும் ரத்தமாக இருந்தன.

"இப்ப என்னடா சொன்ன?"

"ஒன் காதுல விழுந்ததுதான்."

"திரும்பச் சொல்லு."

"எதுக்கு? ஒரு தடவ போதாதா?"

அவன் டார்ச்சை விலக்கவில்லை. "எங்கம்மா சவப்பெட்டிய நீ தூக்கினியேடா," என்றான். "நார்மனுக்குப் பக்கத்துல நின்னு தூக்கின."

"ஆமா."

"எங்க சர்ச்சுக்குள்ள வந்து பாட்டெல்லாம் பாடின."

"நல்ல பாட்டுதான்."

"வாய மூடு." மூச்சு வாங்கினான். "ஒனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பா இருந்திருக்கும்ல, இத்தன வருஷமும்?"

"பயமா இருந்துச்சு மெர்வின். வேற ஒண்ணுமே இல்ல."

அவன் டார்ச்சை அணைத்தான். இரண்டு பேரும் இருட்டில் கிடந்தோம். அவனுக்கு எட்டும் தூரத்தில் சுத்தியல் கிடந்தது. நான் அதைப் பற்றி நினைத்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அவனும் நினைத்தானா என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து அவன் கை என் சட்டைக் காலரைப் பிடித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவன் என் தலையைத் துளைப் பக்கம் தள்ளினான்.

"குடி," என்றான். "ஒன் முறைதான்."

தலைக்கு மேல் ஸ்பேனர் உறுமியது.

எங்களைத் தூக்கி மேல்தளத்தில் கிடத்தினார்கள். சுற்றிலும் கால்கள். வீட்டுக்குக் கிளம்பியவர்கள் பாதிப் பேர் திரும்பி ஓடி வந்திருந்தார்கள். நான் வாந்தி எடுத்தேன். யாரோ முதுகைத் தடவிவிட்டார்கள், யாரோ தகர டப்பாவில் டீயை வாயில் வைத்தார்கள். மக்கட்சன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.  இத்தனை அன்பான மனிதர்களை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. அவர்களுக்கு இன்னும் தெரியாது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சிரில் வந்தான். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அந்த மாதிரி சொன்னது யாரு?" என்றான்.

"எந்த மாதிரி?" என்றார் மக்கட்சன்.

"ஹெய்ச்சுன்னு."

சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். என் முதுகைத் தடவிக்கொண்டிருந்த கையும் நின்றது. நான் டப்பாவுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாந்தான்," என்றான் மெர்வின். படுத்தபடியே சொன்னான். "எய்ச் எய்ச்சுன்னு தொண்ட கிழியக் கத்தினோம், இந்தச் செவிட்டுப் பய எட்டாம் நம்பருக்குப் போறான். போப்பாண்டவர் பாஷையில சொன்னாலாவது காது கேக்குதான்னு பாத்தேன். கேட்டுருச்சு! டேய் சிரில், உண்மையச் சொல்லு, ஒங்கம்மா எந்தப் பக்கம்?"

வெடித்துச் சிரித்தார்கள். மக்கட்சன்கூடச் சிரித்தார். சிரில் "போடா நாயே" என்று தலையில் அடித்துக்கொண்டு போனான். ஆனால் போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தான், மெர்வினை இல்லை, என்னை.

நாங்கள் இரண்டு பேரும் வாசல் பக்கம் நடந்தோம். வெளிச்சம் இன்னும் இருந்தது. கிரேன்களுக்கு அடியில் ஈரக் காற்று அடித்தது, அதை வாயைத் திறந்து விழுங்கிக்கொண்டே நடந்தேன்.

"மெர்வின்," என்றேன். "நீ செஞ்சதுக்கு நான்…"

"பேசாத. நடந்துகிட்டே இரு. சிரிக்கிற மாதிரி வச்சுக்க மூஞ்சிய."

கொஞ்ச தூரம் போனதும் முன்னால் பார்த்தபடியே சொன்னான்: "திங்கக்கிழம வராத."

எனக்குப் புரியவில்லை. "நீ சொன்னத எல்லாரும் நம்பிட்டாங்களே."

"இவனுங்க நம்புவானுங்க. நார்மன் நம்பமாட்டான். ஞாயித்துக்கிழம மத்தியானம் சாப்பிட வருவான். அதுக்குள்ள சிரில் மதுக்கடை மதுக்கடையா இந்தக் கதையச் சொல்லி முடிச்சிருப்பான். நார்மன் என் மூஞ்சியப் பாத்துக் கேப்பான். அவங்கிட்ட எனக்குப் பொய் வராது லென். சின்ன வயசுல இருந்தே வந்ததில்ல."  எதிரே வந்தவனுக்குச் சிரித்துத் தலையசைத்தான். "வேற தெருவுக்கு இல்ல, கடல் தாண்டிப் போயிடு. எந்த ஊருன்னு எங்கிட்ட சொல்லாத."

வாசலில் அவன் இடப்பக்கம் திரும்பினான். கையைத் தூக்கினான், வெள்ளிக்கிழமை சாயங்காலம் எப்போதும் தூக்குகிற மாதிரி. அவனைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டும், இல்லை மூக்கிலேயே ஒன்று விட்டிருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. நான் அவனுக்கு உயிரைக் கொடுத்தேன், அவன் எனக்கு இரண்டு நாள் கொடுத்தான். அவனால் முடிந்தது அவ்வளவுதான் என்று சில நாள் தோன்றும். சில நாள் வயிறு எரியும்.

வீட்டுக்குள் நுழைந்தபோது டிம்ப்னா அடுப்பில் உருளைக்கிழங்கு ரொட்டி போட்டுக்கொண்டிருந்தாள். முன்னறையில் பிள்ளைகள் டிவி முன்னால் உட்கார்ந்து ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டிருந்தன.

"என்ன இவ்வளவு நேரம்?" என்றாள், திரும்பாமலே. "இன்னிக்கும் அந்தக் கப்பல் சேதிதான் ஓடுது. பாவம், இத்தன வருஷமா யார் கண்ணுலயும் படாம கிடந்திருக்கு. கடைசில கண்டுபிடிச்சிட்டாங்க பாரு."

"என்னையும் கண்டுபிடிச்சிட்டாங்க டிம்ப்னா."

அவள் திரும்பினாள். என் முகத்தையும் சட்டையையும் பார்த்தாள். யார், எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுப்பை அணைத்தாள், கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"மொதல்ல பிள்ளைங்க துணிய எடுத்து வைக்கிறேன்," என்றாள்.